பதினான்காவது மாடியில் ஒரு மஞ்சள் விவசாயி

கனடாவின் டொராண்டோ நகரத்தின் நடுவே, வெல்லெஸ்லி தெருவும் பார்லிமென்ட் தெருவும் சேரும் இடத்தை ஒட்டி செயின்ட் ஜேம்ஸ் டவுன் என்ற குடியிருப்பு இருக்கிறது. 1960-களில் கட்டிய 19 உயரமான கட்டடங்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தமிழர்களில் பலர் முதன்முதலில் வாடகைக்கு வீடு பிடித்த பகுதிகளில் இதுவும் ஒன்று. பின்னாளில் பெரும்பாலானவர்கள் ஸ்கார்பரோ, மார்க்கம் என்று தள்ளிப் போய்விட்டார்கள். ஆனாலும் இன்றும் இங்கே லிப்ட்டில் ஏறினால் தமிழ் காதில் விழும்.

அந்த லிப்ட்டில், செப்டம்பர் கடைசி வாரத்தில் இரண்டு பெரிய பெட்டிகளோடு ஏறியவர்கள் பவானி பக்கத்து மஞ்சள் விவசாயி ஒருவரும் அவர் மனைவியும். அவருக்கு 66 வயது, அந்த அம்மாவுக்கு 60. மூன்றரை ஏக்கர் நிலம், ஒரு கிணறு, இரண்டு எருமை. எருமைகளை விற்றுவிட்டார்கள். நிலத்தைத் தம்பி மகனிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். மருமகளுக்கு ஜனவரியில் பிரசவம். வந்த காரணம் அதுதான். ஆனால் மகன் மனதில் வேறொன்றும் இருந்தது. வந்த பத்தாம் நாளே சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவிட்டார்: “இனி எதுக்குங்கப்பா அங்க போய் ஒத்தையில கஷ்டப்படறீங்க? நிலத்தைக் கேட்டு ஆள் வந்துட்டுத்தான இருக்குது. கொடுத்துட்டு இங்கயே இருந்துக்கலாமுங்க.”

நிலத்தைக் கேட்பவர் பக்கத்துத் தோட்டக்காரர். தை பிறப்பதற்குள் பதில் சொல்லுங்கள் என்று கெடு வைத்திருந்தார்.

பெரியவர் அன்று பதில் சொல்லவில்லை. குளிர்காலம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்வதாக மட்டும் சொன்னார். அது ஒரு விவசாயியின் பதில். புது மண்ணில் ஒரு பருவம் பார்க்காமல் யாரும் முழுப் பரப்பிலும் விதைப்பதில்லை.

வாசல் இல்லாத வீடு

முதல் வாரம் அந்த அம்மா கேட்ட கேள்வி இது: “ஏனுங்க, இந்த வீட்டுக்கு வாசல் எங்கீங்க இருக்குது?” கதவைத் திறந்தால் நீளமான நடை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள். தண்ணி தெளிக்க இடமில்லை, கோலம் போட இடமில்லை, வந்தவரை உட்காரவைக்கத் திண்ணையும் இல்லை. பக்கத்துக் கதவில் யார் குடியிருக்கிறார்கள் என்பதே மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

பழகவேண்டியவை நிறைய இருந்தன. எல்லாவற்றையும் எழுதினால் நீளும். முக்கியமானது சமையலறை. கடுகு தாளித்த முதல் நாளே புகை எச்சரிக்கை மணி அலறியது. அடுப்புக்கு மேலே உள்ள புகைபோக்கி விசிறியை முதலில் போட்டுவிட்டு, அப்புறம்தான் எண்ணெய் வைக்கவேண்டும் என்பது அன்றைய பாடம். துணி துவைக்க எல்லாருக்கும் பொதுவாகக் கீழ்த்தளத்தில் மெஷின்கள். காயப்போடக் கொடி கிடையாது, அதற்கும் ஒரு மெஷின்.

அந்தத் துணி துவைக்கும் அறையில்தான் பெரியவருக்கு ஒரு சிநேகிதம் கிடைத்தது. யாழ்ப்பாணத்துக்காரர், எழுபது தாண்டியவர். இங்கே வந்து முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஊரில் இருந்தவரை கிணற்றுப் பாசனத்தில் சின்ன வெங்காயமும் மிளகாயும் போட்டவர். மெஷின் சுற்றி முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரமும் ஒருவர் மஞ்சளைச் சொன்னார், மற்றவர் வெங்காயத்தைச் சொன்னார். செம்மண்ணுக்கு எத்தனை நாளைக்கு ஒரு தண்ணி என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. அதற்காகவே மறுவாரமும் ஒரே நேரத்தில் துணி கொண்டுவந்தார்கள்.

இலை மஞ்சளாவது இரண்டு விதம்

அக்டோபரில் டொராண்டோ மரங்கள் நிறம் மாறுகின்றன. மேப்பிள் மரங்கள் சில மஞ்சளாக, சில ஆரஞ்சாக, சில ரத்தச் சிவப்பாக நிற்கும். பார்த்த உடனே விவசாயிக்கு வருகிற சந்தேகம், இது நோயா என்பதுதான். நோயில்லை. பகல் சுருங்கி, இரவு குளிரத் தொடங்கியதும் மரம் தன் இலையிலுள்ள பச்சையத்தை உடைத்து, இலையிலிருக்கும் தழைச்சத்தைக் கிளைக்கும் வேருக்கும் இழுத்துக்கொள்கிறது. பச்சை போனதும், முன்பே இலைக்குள் மறைந்திருந்த மஞ்சள் நிறமி வெளியே தெரிகிறது. சிவப்பு நிறமி மட்டும் அந்தப் பருவத்தில் புதிதாக உண்டாவது. கடைசியில் காம்பு சேரும் இடத்தில் தக்கை போன்ற ஓர் அடுக்கு வளர்ந்து இலையைக் கழற்றிவிடுகிறது. இலையை வைத்திருந்தால் அது உறைந்து, மரத்துக்கு நஷ்டம். அதனால் சத்தை எடுத்துக்கொண்டு சக்கையை மட்டும் கீழே போடுகிறது.

முதிர்ந்த மஞ்சள் பயிரும் அறுவடைக்கு முன் இதே வேலையைத்தான் செய்கிறது. இலையிலிருந்ததைக் கிழங்குக்கு இறக்கிவிட்டுக் காய்கிறது. பெரியவருக்கு இது சொல்லாமலே பிடிபட்டது.

உதிர்ந்த சருகை வீட்டுக்காரர்கள் பெரிய காகிதப் பைகளில் அள்ளி வாசலில் வைக்கிறார்கள். மாநகராட்சி வண்டி எடுத்துப் போய் மக்கவைத்து உரமாக்குகிறது. சமையலறைக் கழிவுக்குத் தனிப் பச்சைத் தொட்டி. அது நகராட்சியின் இரண்டு ஆலைகளுக்குப் போய், காற்றில்லாத கலன்களில் நொதித்து எரிவாயு ஆகிறது. நம் சாண எரிவாயுக் கலனின் அதே தத்துவம், அளவு மட்டும் ஊர் அளவு. அக்டோபர் 31-ம் தேதி ஹாலோவீன் முடிந்ததும், முகம் செதுக்கி விளக்கு வைத்த பரங்கிக்காய்கள் ஆயிரக்கணக்கில் அந்தத் தொட்டிகளுக்குப் போவதைப் பார்த்து அந்த அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. செதுக்குவதற்கென்றே வளர்க்கும் ரகம் அது, சதை மெல்லிசு, ருசி கம்மி என்று மருமகள் விளக்கியும், “எருமைக்காவது வெச்சிருக்கலாம்” என்றார்.

நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவைக்கிறார்கள். அதுவரை ஊருக்கும் டொராண்டோவுக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், அதற்குப் பிறகு பத்தரை. தம்பி மகன் தினமும் விடிகாலை 6 மணிக்குத் தோட்டத்திலிருந்து பேசுவார். இங்கே அது முந்தைய நாள் இரவு எட்டரையாக இருந்தது, ஏழரை ஆனது.

அப்படி ஒரு நாள் ஏழரை மணிக்கு வந்த அழைப்பில் குரல் சரியில்லை. “பெரியப்பா, கெழக்கால வயல்ல இலையெல்லாம் மஞ்சளடிக்குதுங்க. நாலு நாளா மழை. என்னன்னு பாருங்க” என்று வீடியோவைத் திருப்பிக் காட்டினார்.

பதினான்காவது மாடி ஜன்னலோரம் உட்கார்ந்து பெரியவர் பயிர் பார்த்தார். அடி இலையிலிருந்து மேல்நோக்கி, ஓரத்திலிருந்து உள்நோக்கிக் காய்ந்து வந்தது. ஒரு தூரைப் பிடித்து இழுக்கச் சொன்னார். தண்டு அடியில் கொழகொழவென்று கையோடு வந்துவிட்டது. கிழங்கைக் கீறச் சொன்னார். உள்ளே பழுப்பு, மோந்து பார்த்த தம்பி மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிழங்கு அழுகல். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கினால் மஞ்சளுக்கு வருகிற முதல் எதிரி. மேப்பிள் மரத்தின் மஞ்சள் மரமே எடுக்கும் முடிவு. இந்த மஞ்சள் பூஞ்சாணம் எடுப்பது. ஒரு வாரம் விட்டால் வயல் முழுக்கப் பரவும்.

சொன்ன வேலைகள் வரிசையாக: முதலில் வடிகால் வெட்டி நீரை வெளியேற்றுவது. அழுகிய தூர்களைக் கிழங்கோடு பிடுங்கி, வரப்பில் போடாமல் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் அழிப்பது. பிடுங்கிய இடத்திலும் அதைச் சுற்றிலும் காப்பர் ஆக்ஸி குளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் கலந்து மண் நனைய ஊற்றுவது. டிரைக்கோடெர்மா விரிடியை மக்கிய தொழுவுரத்தில் கலந்து போடுவதும் நல்லதுதான். ஆனால் தாமிர மருந்து ஊற்றிய கையோடு அல்ல. அது நல்ல பூஞ்சாணத்தையும் சேர்த்துக் கொன்றுவிடும், பதினைந்து நாளாவது இடைவெளி வேண்டும். விதைக் கிழங்கை நேர்த்தி செய்து நட்டு, பாத்திக்குப் பதில் மேட்டுப்பாத்தி போட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்பதையும் அவரே சொன்னார். ஜூன் கடைசியில் அவசரமாக நட்டது, பயண ஏற்பாட்டில் விதை நேர்த்தியை விட்டது தன் தப்பு என்றார்.

அன்று இரவு அவர் தூங்கவில்லை. மகன் எழுந்துவந்து பார்த்தபோது ஜன்னலோரம் நின்றிருந்தார்.

சந்தை, கண்ணாடி வீடு, மாட்டுத் தொழுவம்

நகரத்தின் நடுவே இருப்பதில் ஒரு வசதி உண்டு. வண்டியில்லாமல் எங்கேயும் போகலாம். யாழ்ப்பாணத்துப் பெரியவர்தான் மூன்று இடங்களைக் காட்டிக்கொடுத்தார்.

ஒன்று, செயின்ட் லாரன்ஸ் மார்க்கெட். பார்லிமென்ட் தெருப் பேருந்தில் கொஞ்ச நேரம். 1803-ல் தொடங்கிய சந்தை. சனிக்கிழமைகளில் சுற்றுவட்டார விவசாயிகள் தாங்களே கொண்டுவந்து விற்கிறார்கள். நம் உழவர் சந்தை 1999-ல் மதுரையில் தொடங்கியது. இது அதைவிடக் கிட்டத்தட்ட இருநூறு வருஷம் மூத்தது. அக்டோபர், நவம்பரில் ஆப்பிள், பரங்கி, கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் குவியும். ஆப்பிளில் மெக்கின்டாஷ் என்ற ரகம் இதே ஒன்டாரியோ மாகாணத்தில் 1811-ல் ஒரு விவசாயி தன் நிலத்தில் தற்செயலாகக் கண்ட கன்றிலிருந்து வந்தது. நகரத்துக்கு வடக்கே ஹாலந்து மார்ஷ் என்ற சதுப்பு நிலத்தை நீர் வடித்துக் காய்கறி நிலமாக்கியிருக்கிறார்கள். கரியைப் போன்ற கறுப்பு மண். வெங்காயமும் கேரட்டும் அங்கிருந்துதான் பெருமளவில் வருகின்றன.

பெரியவர் அதிக நேரம் நின்றது பூண்டு விற்கும் கடையில். அக்டோபரில் பூண்டுப் பல்லை ஊன்றி, மேலே வைக்கோல் மூடாக்குப் போட்டுவிடுவார்களாம். மண் உறைந்து பனி மூடிக் கிடக்கும் மாதமெல்லாம் பல் உள்ளேயே இருக்கும். அந்தக் குளிர் பட்டால்தான் பல் பிரிந்து முழுப் பூண்டாகத் திரளும். ஜூலையில் அறுவடை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் குளிர் வேண்டும் என்பது தெரிந்ததுதான், ஆனால் உறைந்த மண்ணுக்குள் ஒரு பயிர் உயிரோடு காத்திருப்பது அவருக்குப் புதுசு. மொழிபெயர்த்த மகனைப் பாடாய்ப்படுத்தி மூடாக்கின் கனம், இடைவெளி, ஊன்றும் ஆழம் எல்லாம் கேட்டுக்கொண்டார்.

இரண்டாவது, ஆலன் கார்டன்ஸ். வீட்டிலிருந்து நடந்தே போகலாம், நுழைவுக் கட்டணம் இல்லை. 1910-ல் கட்டிய கண்ணாடிக் கூடம். வெளியே காது விறைக்கிற குளிர். கதவைத் திறந்து உள்ளே போனால் புழுக்கம், ஈர மண் வாசம், பனை இன மரங்கள், வாழை. அந்த அம்மா வாழை இலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வெகுநேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நவம்பர் முழுக்க வாரம் இரண்டு நாள் அங்கேதான்.

மூன்றாவது, ரிவர்டேல் பண்ணை. பக்கத்துக் கேபேஜ்டவுனில் இருக்கிறது. வீட்டு முன்னால் முட்டைக்கோஸ் போட்டுப் பிழைத்த ஐரிஷ் ஏழைகளால் அந்த வட்டாரத்துக்கு அந்தப் பெயர் வந்தது. முன்பு மிருகக்காட்சி சாலையாக இருந்த இடத்தில் 1978 முதல் மாநகராட்சியே ஒரு சிறு பண்ணை நடத்துகிறது. மாடு, ஆடு, குதிரை, பன்றி, கோழி. நகரத்துக் குழந்தைகளுக்குப் பண்ணை எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக வைத்திருக்கிறார்கள். இதற்கும் கட்டணம் இல்லை. பெரியவர் அங்கே மாட்டின் முன்னால் நின்றார். காதைப் பார்த்தார், மூக்கு ஈரமாக இருக்கிறதா என்று பார்த்தார், சாணம் இறுக்கமா இளக்கமா என்று பார்த்தார். ஐந்து நிமிடத்தில் பார்க்க ஒன்றும் மீதமில்லை. ஊரில் என்றால் அப்போதுதான் வேலை தொடங்கும்.

குளிருக்கு முன் செய்தவை

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள் நம் வாசகர்களிலும் நிறைய. போகிறவர்களுக்கு இவர்கள் பட்டறிவு உதவும்.

வீட்டுக்குள் குளிர் இல்லை. குளிர்காலத்தில் வாடகை வீடுகளில் 21 டிகிரியாவது வெப்பம் இருக்கவேண்டும் என்று டொராண்டோவில் சட்டமே உண்டு. பிரச்சினை வறட்சி. சூடேற்றிய காற்றில் ஈரம் இல்லாமல் போய், உதடு வெடிக்கும், மூக்கு எரியும், குதிகால் பிளக்கும். குளித்த ஈரத்தோடு தேங்காய் எண்ணெய் தடவியதும், தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடித்ததும்தான் கைகொடுத்தது. அறையில் ஈரப்பதம் கூட்டும் சிறு கருவியும் கிடைக்கிறது.

வெளியே போக ஒரே கனமான சட்டை போதாது. இரண்டு மூன்று அடுக்காகப் போடவேண்டும். உள்ளே வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடக்கும் பருத்தியைவிடக் கம்பளி மேல். எல்லாவற்றையும்விட முக்கியம் செருப்பு. முதல் பனி விழுந்த அன்று சாதாரண ஷூவோடு கிளம்பிய பெரியவரை லிப்ட் வாசலில் பிடித்து நிறுத்தினார் யாழ்ப்பாணத்துக்காரர்: “அண்ணை, அந்தச் சப்பாத்தோட வெளியில போகாதேங்கோ. வழுக்கினா இடுப்பு போயிடும்.” நடைபாதையில் கண்ணுக்குத் தெரியாமல் கண்ணாடி போல் உறைந்திருக்கும் தண்ணீர்தான் ஆபத்து. சின்ன அடியாக, பாதம் முழுதும் பதித்து நடக்கவேண்டும். கையைப் பையில் விடக்கூடாது. ஐஸ் உருக சாலையெங்கும் உப்புக் கொட்டுகிறார்கள். உப்பு நிலத்தோடு போராடியவர்களுக்கு அதைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கும்.

பெற்றோருக்கான சூப்பர் விசாவில் ஒரு முறைக்கு ஐந்து வருஷம் வரை தங்கலாம். அதற்கு ஒரு லட்சம் கனடா டாலர் அளவுக்கு, ஒரு வருஷ மருத்துவக் காப்பீடு கட்டாயம். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவர்கள் பழைய நோய்க்குக் காப்பீடு செல்லுமா என்பதைப் பணம் கட்டுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு கொண்டுபோகவேண்டும். மண்ணோ, மண் ஒட்டிய செடியோ கொண்டுபோகக் கூடாது. விதை, உணவு எதுவானாலும் விமான நிலையத்தில் மறைக்காமல் சொல்லிவிடவேண்டும்.

பால்கனியில் மருமகள் வைத்திருந்த கறிவேப்பிலையை, இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்குமுன் அந்த அம்மா உள்ளே எடுத்து வைத்தார். தெற்குப் பார்த்த ஜன்னல். உள்ளே வந்ததும் பாதி இலை கொட்டியது. அழுகிறதோ என்று தண்ணீர் ஊற்றுவதைப் பாதியாகக் குறைத்தார்கள். அதுதான் சரி. வெளிச்சம் குறைந்த செடிக்குக் கோடைத் தண்ணீர் கொடுத்தால் வேர் அழுகும். தட்டில் தூவிய வெந்தயம் மட்டும் அந்த ஜன்னலில் சலிக்காமல் முளைத்துக் கீரையானது.

டிசம்பரில் சாயங்காலம் நாலே முக்காலுக்குச் சூரியன் மறைந்துவிடுகிறது. பகல் ஒன்பது மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு. நம்மூரில் அதே நாளில் பதினொன்றரை மணி நேரம். இருட்டு சீக்கிரம் வந்துவிட்டால் மனசும் சீக்கிரம் சுருங்குகிறது. மகனும் மருமகளும் வேலை முடிந்து வரும்வரை வீட்டில் பேச்சு இல்லை. அந்த அம்மா துணி துவைக்கும் அறையில் பழகிய இரண்டு யாழ்ப்பாணத்துப் பெண்களோடு புதன்கிழமைகளில் சேர்ந்து சமைக்கத் தொடங்கினார். தேங்காய்ப்பால் சொதி அவருக்குப் பிடித்துப்போனது. தன் கொள்ளு ரசத்தை அவர்களுக்குப் பழக்கினார். பெரியவருக்கு அப்படி ஒன்று அமையவில்லை.

அழுகல் கால் ஏக்கர் அளவில் நின்றுவிட்டது என்று டிசம்பர் முதல் வாரம் செய்தி வந்தது. வடிகால் வெட்டியதுதான் காப்பாற்றியது. மீதி வயல் பச்சையாக நிற்பதை வீடியோவில் இரண்டு முறை போட்டுப் பார்த்தார்.

அன்று சாப்பாட்டின்போது அவரே பேச்சை எடுத்தார். நிலம் விற்பதற்கில்லை. குழந்தை பிறந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் பிப்ரவரி கடைசியில் தான் மட்டும் ஊருக்குப் போவது, அந்த அம்மா ஏப்ரலில் வருவது, அடுத்த வருஷக் குளிர் வந்தால் அதை அப்போது பார்த்துக்கொள்வது. மகன் கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “தனியா எப்படிங்கப்பா சமைப்பீங்க?” என்றார். “உங்கம்மா எனக்கு ரசம் வெக்கக் கத்துக்கொடுக்கறாளாம்” என்றார் பெரியவர். அந்த அம்மா, அது மட்டும் நடக்காது என்றார்.

ஏழரை மணிக்குப் போன் வந்தது. கிழங்கை வேகவைக்கக் கொப்பரையா, நீராவி வண்டியா என்று தம்பி மகன் கேட்டார். அறுவடை நேரத்தில் நீராவி வண்டி கிடைப்பது கஷ்டம், இப்போதே சொல்லிவைக்கவேண்டும். வண்டிக்கே சொல்லச் சொன்னார். மார்ச் இரண்டாம் வாரம். தண்ணி விடுவதை எப்போது நிறுத்துவது என்பதைத் தான் வந்து பார்த்துச் சொல்வதாகவும் சொன்னார்.